ஐந்து கட்டைக்கு இறுக்கிய கிதார்

கதிரில் பால் பிடிக்கிற நேரம் பார்த்துத்தான் வேதாசலத்தின் மோட்டார் புகைந்தது.

மாகறலுக்கும் உத்திரமேரூருக்கும் நடுவே இருக்கிற அந்த ஊரில் கரண்ட்டு வருவதே அபூர்வம். வந்தாலும் நோய்வாய்ப்பட்டவன் நடந்து வருகிற மாதிரிதான் வரும். அந்த அரைக்கரண்ட்டில் இழுத்து இழுத்து ஓடிய மோட்டார், பங்குனி வெயில் ஏறிய ஒரு காலையில் நீளமாக முனகி, கருகல் நாற்றம் விட்டு, நின்றுபோனது. உத்திரமேரூரிலிருந்து காயில் கட்டுகிறவர் சைக்கிளில் வந்து கழற்றிப் பார்த்தார். ஏற்கெனவே இரண்டு தடவை அவர் கையால் கட்டிய மோட்டார்தான்.

“இத்த இன்னொரு தபா கட்டிக் குடுத்தா எனுக்குத்தான் பாவம் வேதாசலம். உள்ள இரும்பே வெந்து கீது. புச்சு வாங்கிக்கோ,” என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசி மழை ஏமாற்றிய வருஷம் அது. ஏரி வறண்டு மாடு மேய்கிற இடமாகிவிட்டது. கிணற்றை நம்பித்தான் நவரைப் பட்டத்தில் நெல் வைத்திருந்தார். பக்கத்துக் கொல்லைக்காரர் மனசு வைத்து ஒரு முறை தண்ணீர் விட்டார். மறுமுறை கேட்க வேதாசலத்துக்கே கூச்சமாக இருந்தது. கொல்லைக்காரரின் கிணற்றிலும் ஊற்று நின்று நின்றுதான் வந்தது. மனைவி லீலாவதியின் நகை விதைக்கும் உரத்துக்குமாகச் சங்கத்தில் அடகில் இருந்தது. இன்னும் ஒரு வாரத்துக்குள் வயலுக்குத் தண்ணீர் பாயாவிட்டால் கதிரெல்லாம் பதராகிவிடும். வருஷச் சாப்பாடு மொத்தமும் அந்தக் கதிருக்குள்தான் பாலாக நின்றது.

 சாயங்காலம் லீலாவதி வரப்பில் நின்று ஒரு கதிரைக் கிள்ளி நசுக்கிப் பார்த்தாள். விரலில் ஒட்டிய வெள்ளையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். அவள் ஏதாவது கேட்டிருந்தால் வேதாசலம் கத்தியிருப்பார். கேட்காததால் அவரே வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

“அந்தச் சைதாப்பேட்டைப் புள்ளைக்கு ஒரு கார்டு போட்டுடறேன்.”

“எந்தப் புள்ள?”

“உத்திரமேரூரு திருவிழாவுல மெல்லிசக் கச்சேரிக்கு வந்துச்சே, ராஜாராம்னு. எப்பனாச்சும் குடுக்கறதுன்னா எனுக்குச் சொல்லுங்கண்ணான்னு அட்ரஸு குடுத்துட்டுப் போச்சே.”

லீலாவதி அடுப்பிலிருந்து திரும்பி, சுவரில் காடாத் துணிப் பைக்குள் தொங்கிய கிதாரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“நான் ஒன்னும் சொல்லலியே,” என்றாள்.

“நீ சொல்லலதான்.”

கூத்துக் கொட்டகையில் கிதாருக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள். வேதாசலம் வாலிபனாக இருந்தபோது செங்கல்பட்டு ரயிலடியில் மூட்டை தூக்கப் போயிருந்தார். அங்கே ரயில்வே குடியிருப்பில் இருந்த ஒரு சட்டைக்காரர், ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு, சாயங்காலமானால் வாசலில் நாற்காலி போட்டு கிதார் வாசிப்பார். மூட்டை தூக்கிய கையோடு வேதாசலம் வேலியோரம் போய் நிற்பார். ஒருநாள் கார்டு உள்ளே கூப்பிட்டார். நரம்பில் விரல் வைக்க மூன்று பிடி சொல்லிக் கொடுத்தார். அடுத்த வருஷம் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா கப்பலேறும்போது, ஒரு பருவத்துக் கூலிக்கு அந்தக் கிதாரை வேதாசலத்திடமே கொடுத்துவிட்டார். அதற்கே அப்போது வயசு அதிகம். கார்டின் தகப்பனார் வாங்கியதாம். உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் எழுத்தெல்லாம் அழிந்து, ஒரு கப்பல் படம் மட்டும் மங்கலாகத் தெரியும்.

ஊருக்குக் கொண்டுவந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் கூத்து வாத்தியார் மணவாளன் ஒருத்தர்தான். அவர் பெட்டி வாசித்துக்கொண்டே பின்பாட்டும் பாடுவார். பெட்டி என்றால் ஆர்மோனியம். “கையில எட்த்துக்கினு வாடா, பெட்டிக்குப் பக்கத்துல ஒக்காரு,” என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். அதற்குப் பிறகு பங்குனி பிறந்தால் ஆனி வரை வேதாசலம் வீட்டில் தூங்கியதில்லை.

அந்தக் கிதார் அவருக்குச் செய்ததைச் சொல்லி முடியாது. மாகறல் கூத்தில், “அந்தப் பெரிய வீணைய வெச்சிக்கினு ஒரு ஆளு கீறானே, அவன் யாரும்மா?” என்று ஒரு பெண் தன் தாயைக் கேட்டாள். அந்தப் பெண்தான் லீலாவதி. விளைச்சல் பொய்த்த வருஷங்களில் கூத்துக்குக் கிடைத்த நெல்லும் வேட்டியும்தான் வீட்டைக் காப்பாற்றின. எதிரியாக இருந்த பங்காளிகூடத் திரௌபதி அழுகிற இடத்தில் வேதாசலம் மீட்டியதைக் கேட்டுவிட்டு மறுநாள் வந்து பேசினான். நிலத் தகராறு அதோடு போயிற்று.

வேதாசலம் தபால் கார்டு போட்ட நாலாம் நாள் முற்பகல் காஞ்சிபுரம் பஸ்ஸில் ராஜாராம் வந்து இறங்கினான். ஒல்லியான ஆள், கிருதா வைத்திருந்தான், தோளில் ஒரு பை. வேதாசலத்தைப் பார்த்ததும் காலைத் தொடப்போனான்.

“சேச்சே, இன்னா தம்பி இது. வா வா. வெயில்ல வந்துகினு கீற, மோர் குடி மொதல்ல.”

சேதி தெரிந்து மணவாளனும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். வித்தைக்காரன் வாத்தியத்தை விற்கிற இடத்தில் வாத்தியார் இல்லாமல் இருக்கலாமா என்பது அவர் நியாயம்.

வேதாசலம் பையிலிருந்து கிதாரை எடுத்துத் துடைத்து நீட்டினார். ராஜாராம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். முதலில் மரத்தை முகர்ந்தான். முதுகைத் தட்டினான். அவன் முகம் மலர்ந்தது. பிறகு கழுத்தை ஒரு கண் மூடி நோட்டம் பார்த்தான். முகம் சுருங்கியது. நரம்பெல்லாம் வந்து முடிகிற பாலத்தைப் பார்த்தவன் அப்படியே நிமிர்ந்துவிட்டான்.

“அண்ணே, இதுல இன்னாண்ணே பண்ணி வெச்சிக்கீறீங்க? ரெண்டு போல்ட்டு அடிச்சிக்கீது!”

“பிச்சிக்கினு வந்துட்ச்சி தம்பி, பத்து பதினஞ்சு வருசம் இருக்கும். நம்ம தாமோதர ஆசாரிதான் போட்டுக் குடுத்தாரு. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடறவரு. கெட்டி வேல.”

“கெட்டி வேலதான், வண்டிய கட்டி இழுக்கலாம்,” என்றான் ராஜாராம். “பாலம் ஏன் பிச்சிக்கினு வருது? நரம்ப இந்த இறுக்கு இறுக்கினா பிச்சிக்காதா? தொடவே பயமா கீதே! எந்தச் சுருதிக்கு வெச்சிக்கீறீங்க?”

“அஞ்சு கட்டைக்கு,” என்றார் மணவாளன், அதில் என்ன கேள்வி என்பதுபோல.

மைக் இல்லாத காலத்துக் கூத்து அது. பெட்டியில் ஐந்தாம் கட்டையை ஆதாரமாகப் பிடித்தால்தான் கடைசிப் பாயில் படுத்திருப்பவன் காதுவரை பாட்டு போகும். மணவாளன் ஐந்து கட்டைக்காரர் என்றால் சுற்றுப்பட்டில் ஒரு மரியாதை உண்டு. பெட்டி இறங்காது, எனவே கிதார் ஏறியது. கார்டு சொல்லிக் கொடுத்த மூன்று பிடியும் அந்த உயரத்துக்கு ஒத்துவரும் வரைக்கும் வேதாசலம் ஆணியைத் திருகினார். நரம்பு அறுந்தது, மூர் மார்க்கெட்டிலிருந்து வேறு வாங்கிவரச் சொன்னார். அறுந்த நரம்பு ஒருமுறை கன்னத்தைக் கிழித்தது; மஞ்சள் வைத்துக்கொண்டு அன்றைக்கே வாசித்தார். பாலம் பிய்ந்தது, ஆசாரி போல்ட்டு போட்டார்.

ராஜாராம் கேட்டு முடித்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு பைக்குள் துழாவி, துணி காயப்போடுகிற கிளிப்பைப் போலக் கொஞ்சம் பெரிசாக ஒன்றை எடுத்தான்.

“இத்தப் பாத்துக்கீறீங்களாண்ணே? இத்தக் கழுத்துல மூணாவது கட்டத்துல மாட்டினா போதும். நரம்ப ஒரு சுத்துகூட திருக வேணாம். அதே மூணு பிடி, அதே அஞ்சு கட்ட. இம்மாம் வருசமும்…”

 வேதாசலம் அந்தக் கிளிப்பை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சிரிப்பு வந்தது.

“அடப் பாவி மனுசா,” என்றார், யாரைச் சொல்கிறோம் என்று தெரியாமலே. “இது ஒன்னு இருந்தா என் கன்னம் தப்பிச்சிருக்குமே!”

“ஒங்கன்னத்துக்கு இன்னா, மாப்ள கன்னமா?” என்றாள் லீலாவதி உள்ளேயிருந்து.

எல்லாரும் சிரித்தார்கள். ராஜாராம் மட்டும் சிரிக்கவில்லை. கிதாரை மெல்லப் பாயில் படுக்க வைத்தான்.

“அண்ணே, தப்பா எட்த்துக்காதீங்க. கழுத்து வளஞ்சி கீது. முன்பலக வவுறு தள்ளிக்கினு கீது. போல்ட்ட எடுத்தா பலகையே வந்துருமோன்னு கீது. பழய சரக்குன்னு ஆசப்பட்டு ஓடியாந்தேன். நீங்க கார்டுல எழுதின தொகைக்கு… நான் ஒரு கச்சேரிக்காரன்ணா. ஷோகேஸ்ல வெக்க வாங்கறவன் இல்ல.”

சிரிப்பு நின்றது. உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தமும் நின்றது. வேதாசலம் வாசலுக்கு வெளியே பார்த்தார். வெயிலில் வயல் இன்னும் பச்சையாகத்தான் தெரிந்தது. கிட்டப் போனால்தான் தாள் சுருள ஆரம்பித்தது தெரியும்.

“நீ சொல்றது நாயந்தான் தம்பி,” என்றார். “மறைச்சி விக்கணும்னு நெனைக்கல. அது எனுக்குக் கொறையாவே தோணல, அதான் எழுதல. பஸ் சார்ஜு போட்டுக்கினு வந்த. சாப்ட்டுட்டுப் போ.”

அவர் குரலில் கோபமில்லாதது ராஜாராமைச் சங்கடப்படுத்தியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தான். பிறகு, “இருங்க, எறக்கித்தான் பாப்போம். கழுத்து கொஞ்சமாச்சும் திரும்புதான்னு தெரியும்,” என்று கிதாரை மறுபடி எடுத்தான்.

ஒவ்வொரு ஆணியாக, அவசரமில்லாமல், கட்டிப்போட்ட கன்றின் கயிற்றைத் தளர்த்துகிறவன்போலத் தளர்த்தினான். ஒவ்வொரு சுற்றுக்கும் கிதார் மெல்ல நெட்டுயிர்த்தது. வேதாசலத்துக்கு அதைப் பார்க்க முடியவில்லை. நரம்பு தொங்கிப்போய் ஒன்றுக்கும் உதவாமல் ஆகிவிடும் என்று நினைத்தார். லீலாவதி சோறு போட்டாள். கத்திரிக்காய்க் குழம்பும் மல்லாட்டைக் கடலைத் துவையலும். சாப்பிட்டு வெற்றிலை போடுகிறவரை கிதார் மூலையில் தளர்ந்து கிடந்தது.

வந்து உட்கார்ந்து ராஜாராம் மறுபடி ஒரு கண்ணை மூடி நோட்டம் பார்த்தான். “பரவால்ல, எறங்கிக் குடுக்குது,” என்று முணுமுணுத்தான். எந்தச் சுருதியில் அது பிறந்ததோ அந்தச் சுருதிக்குக் கூட்டினான். கட்டை விரலால் தடித்த நரம்பிலிருந்து மெல்லிசு வரை ஒரே இழுப்பாக இழுத்தான்.

அந்தக் குரலை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை.

இத்தனை வருஷமும் அது வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டினாற்போலத்தான் பேசும். இப்போது எங்கேயோ அடியாழத்திலிருந்து, பெரிய கிணற்றுக்குள் யாரோ நிதானமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாற்போல ஒரு சத்தம் வந்தது. வந்து சீக்கிரம் போகவும் இல்லை. ராஜாராம் கையை எடுத்த பிறகும் மரம் பேசிக்கொண்டே இருந்தது. லீலாவதி கையில் சோற்றுக் கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்றாள்.

“இது நம்முளுதா?” என்றாள்.

 வேதாசலத்தின் கை அவரை அறியாமல் நீண்டது. ராஜாராம் கொடுத்தான். கார்டு சொல்லிக் கொடுத்த முதல் பிடியைப் பிடித்தார். விரலுக்குக் கீழே நரம்பு மெத்தென்று இருந்தது. ஒருமுறை மீட்டினார். இன்னொரு முறை. கண்ணில் நீர் முட்டியது.

“கத்தவே வுட்டுட்டேனே வாத்தியாரே,” என்றார். “இம்மாம் வருசமும் அத்தக் கத்தவே வுட்டுட்டேனே.”

 மணவாளன் தொண்டையைக் கனைத்து, அந்தச் சுருதியிலேயே ஒரு விருத்தத்தின் முதல் அடியை இழுத்தார். மூன்று கட்டையில். கழுத்து நரம்பு புடைக்கவில்லை. முகம் சிவக்கவில்லை. பாடப் பாடக் குரல் கீழே இறங்கி மெத்தை போட்டு உட்கார்ந்தது. பாடி முடித்துத் தன் தொண்டையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார்.

“நோவல,” என்றார் ஆச்சரியத்தோடு. பிறகு குரலைத் தாழ்த்தி, “டே வேதாசலம், ஒனக்கு ஒரு சேதி சொல்லட்டுமா? எனுக்கு நாப்பது வயசுலியே அஞ்சு கட்ட போய்ட்ச்சி. எறக்கலாம்னு பாத்தா, நீ பாட்டுக்குக் கன்னத்தக் கியிச்சிக்கினு நரம்ப இறுக்கிக்கினு ஒக்காந்துகினு கீற. ஒனக்கு முன்னாடி நான் எப்டி எறக்கறது?”

“நீ எறக்கலன்னுதானே வாத்தியாரே நான் இறுக்கினேன்!”

“சரியாப் போச்சி,” என்றாள் லீலாவதி. “ரெண்டு கெழமும் ஒன்ன ஒன்னு பாத்துக்கினு பொழுதுக்கும் கத்திக்கினு இருந்துக்கீதுங்க. ஊரு கொட்டாயில தூங்காம கெடந்ததுக்கு இப்பத்தானே காரணம் தெரியுது.”

ராஜாராம் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துவிட்டு, “அண்ணே, கார்டுல எழுதின தொகையே தரேன்,” என்றான். “வளைவ நிமித்திக்கலாம். இம்மாம் இறுக்கையும் தாங்கிக்கினு நின்ன மரம் இனிமே எங்க போவப்போவுது. அந்தப் போல்ட்டயும் கழட்டமாட்டேன். ஒங்க ஆசாரி போட்டது அப்டியே கெடக்கட்டும்.”

கேட்ட விலை வந்துவிட்டது. ஆனால் வேதாசலத்தின் கை கிதாரை விடவில்லை. நெற்றியை அதன் தோளில் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார். லீலாவதி அதைப் பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டு வந்து கிட்டே குந்தினாள்.

“தா பாரு. வேணாம்னா வெச்சிக்கோ. ஒரு பட்டம் போனா போவுது. நான் நாலு எடம் களையெடுக்கப் போனா கஞ்சி கெடைக்காமலா பூடும்? இப்பத்தானே அது வாயத் தொறந்து பேசுது.”

அவள் உண்மையாகத்தான் சொன்னாள். அதனால்தான் வேதாசலத்துக்கு மனசு தெளிந்தது. எந்தக் கிதாரைப் பார்த்து இவள் தாயிடம் கேட்டாளோ அந்தக் கிதார் தனக்குக் கொடுத்தது என்ன என்று அந்தக் கணத்தில் அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அது லீலாவதியாகக் கிட்டே குந்தியிருந்தது, கை நிறையக் காய்ப்போடு.

“இது காத்துக்கினு இருக்கும் லீலா,” என்றார். “யார் மடியில இருந்தாலும் பேசும். கதிரு காத்துக்கினு இருக்காது.”

எழுந்து கிதாரை ராஜாராமின் இரண்டு கையிலும் வைத்தார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நல்லபடி வெச்சிருந்தேன்னு சொல்லமாட்டேன் தம்பி. அது என்னிய நல்லபடி வெச்சிருந்துச்சி. அவ்ளோதான்.”

ராஜாராம் தொகையைக் கொடுத்துவிட்டு அந்தக் கிளிப்பையும் நீட்டினான். “நெனப்புக்கு வெச்சிக்கங்கண்ணே.”

“போடா தம்பி. மாட்ட வித்துட்டுக் கொம்புல மாட்டற கொப்பிய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?”

பஸ்ஸில் கண்டக்டர் தகராறு செய்தார். கூட்டத்தில் அம்மாம் பெரிய சாமான் ஆகாது, மேலே போடு என்றார். ராஜாராம் வாயெடுக்கும் முன் வேதாசலம் படியில் ஏறிவிட்டார்.

“மேல போட்றதுக்கு இது இன்னா பூசணிக்காயா? மனுசன் மாதிரி நெனச்சிக்கோ. வேணும்னா டிக்கெட்டு கியி.”

“மனுசன்னா நின்னுக்கினு வரச்சொல்லு பெரியவரே!”

“அதுக்குக் காலு இல்ல நைனா, மடியிலதான் ஒக்காரும்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. கடைசியில் கண்டக்டரே ஒரு பையனை எழுப்பி ஜன்னலோரம் இடம் பண்ணிக் கொடுத்தார். பஸ் திரும்புகிறவரை வேதாசலம் நின்று பார்த்தார். காடாத் துணிப் பையின் முனை ஜன்னலில் கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு புழுதிதான்.

மறுநாள் உத்திரமேரூரிலிருந்து மாட்டு வண்டியில் புது மோட்டார் வந்தது. லீலாவதி அதற்குக் குங்குமம் வைத்தாள். கரண்ட்டுக்காக மத்தியானம் வரை எல்லாரும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வந்ததும் வேதாசலம் சாமியைக் கும்பிட்டு சுவிட்சைத் தள்ளினார். குழாய் இருமி, காற்றைத் துப்பி, செம்மண் நிறத்தில் கொஞ்சம் கக்கி, பிறகு தெளிவாகக் கொட்ட ஆரம்பித்தது. லீலாவதி மண்வெட்டியோடு கடைமடைக்கு ஓடினாள்.

மணவாளன் வரப்பில் குந்தியபடி பீடி பற்றவைத்தார்.

“வெள்ளிக்கெயம கூத்து கீது. நீ இன்னா பண்ணப்போற?”

“தாளத்தக் குடு, போட்றேன்.”

“பெட்டிய மூணு கட்டைல வெக்கலாம்னு கீறேன்.”

“கடசிப் பாயிக்குக் கேக்காது வாத்தியாரே.”

“கேக்கணும்னா எய்ந்து முன்னாடி வந்து ஒக்காரட்டும். நாம இன்னா காலம் பூராவும் அவனுக்காகவே கத்திக்கினு இருக்கறதா?”

வேதாசலம் சிரித்துக்கொண்டே வாய்க்காலைப் பார்த்தார். வெடித்த மண்ணில் முதல் தண்ணீர் நகராமல் உள்ளேயே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெடிப்பும் குடித்து முடிக்க நேரமெடுத்தது. அவர் அவசரப்படவில்லை. ஒரு பாத்தி நனைந்தது, அடுத்தது நனைந்தது. வெயில் சாய்ந்து வருகிறபோது வயலின் அந்தக் கோடியிலிருந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றோடு நின்ற லீலாவதி கையை ஆட்டிக் கத்தினாள்.

“இங்க வந்துட்ச்சி! போதும், மடய மாத்து!”